அம்பாசிடர் கூரைக்குப் புதுத் துணி

காருக்குள்ள உட்கார்ந்து எப்பவாவது நிமிர்ந்து மேலே பார்த்திருக்கீங்களா? ஸ்டியரிங்கைப் பார்ப்போம், சீட்டைப் பார்ப்போம், மியூசிக் சிஸ்டம் என்ன கம்பெனின்னு பார்ப்போம். கூரையை யாரும் பார்க்கிறதில்லை. அது தலைமேல வந்து விழுந்தாதான் அப்படி ஒண்ணு இருந்ததே தெரியும்.

எங்க பெரியப்பாவோட அம்பாசிடர்ல அது விழ ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. முதல்ல பின்சீட்டுக்கு மேலே லேசா தொப்பை விழுந்துச்சு. அப்புறம் நடுவுல. போன சித்திரை வெயில்ல டிரைவர் சீட்டுக்கு மேலேயே கிழிஞ்சு, ஓட்டுறவருக்கு முக்காடு போட்ட மாதிரி ஆயிடுச்சு. பெரியப்பா ஒரு கையால துணியைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு, ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சுகிட்டு பென்னாகரம் வரைக்கும் போயிட்டு வந்துட்டார். அன்னைக்கு ராத்திரியே அண்ணன் ஓசூர்ல இருந்து போன்ல சொல்லிட்டான். "போதும்பா. வண்டியைக் குடுத்துடலாம்."

வண்டி 1986 மாடல், மார்க் 4, டீசல். பெரியப்பா 1993-ல ஏழு வருஷப் பழசா, தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்சியா ஓட்டினார். ஒகேனக்கல், தீர்த்தமலை, சேலம் ஆஸ்பத்திரி, முகூர்த்த நாள்ல மாப்பிள்ளை அழைப்பு. 2011-ல ஓன் போர்டுக்கு மாத்திட்டார். இப்ப வயசு எழுபதுக்கு மேல. வண்டிக்கும் கிட்டத்தட்ட நாப்பது.

அண்ணன் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. பதினஞ்சு வருஷம் தாண்டின காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். அதுக்கான கட்டணம் முன்னே 600 ரூபா. 2022 ஏப்ரல்ல அது 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, இருபது வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000-ன்னு ஆயிடுச்சு. பசுமை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. நம்ம வண்டிக்குத் தேதி தை மாசம் வந்து நிக்குது. அந்த நேரம் பார்த்து பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வண்டியைப் பார்க்க வந்தார். சுத்திச் சுத்திப் பார்த்துட்டு 85,000 தர்றேன்னார். "டாப் லைனிங் மட்டும் நல்லா இருந்தா ஒரு லட்சமே தரலாம்ங்க"ன்னு ஒரு வார்த்தையும் விட்டுட்டுப் போனார்.

பி.காம். படிக்கிறவன் வீட்ல சும்மா இருப்பானா? பேப்பரை எடுத்தேன். துணி மாத்த ஏழாயிரத்துக்குள்ள முடியும். பதினஞ்சாயிரம் கூட வருது. வித்தியாசம் எட்டாயிரம் லாபம். அண்ணனுக்கு உடனே பிடிச்சுப்போச்சு. பெரியப்பா ஒண்ணும் சொல்லல. "செய்ங்க" மட்டும்தான். ஆக, விக்கிறதுக்காகத்தான் இந்த வேலையையே ஆரம்பிச்சோம்.

வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கூரைப் புராணம்.

நம்ம ஊர்ல இதை டாப் லைனிங், ரூஃப் லைனிங்னு சொல்றாங்க. தமிழ்ல பேர் இல்லாம இல்ல. சாமிக்கு மேலே கட்டுற துணிக்கு மேற்கட்டி, விதானம்னெல்லாம் பேர் இருக்கு. கார் கூரைக்கும் அதே வேலைதான், சாமி மட்டும் மாறுது :-) வெறும் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தா என்ன ஆகும்? நம்ம மாவட்டத்து வெயில்ல தகரம் கொதிச்சு, அந்தச் சூடு நேரா மண்டையில இறங்கும். மழை பெஞ்சா தகர டப்பாவுக்குள்ள உட்கார்ந்து பறை கேட்ட மாதிரி இருக்கும். மார்கழிப் பனியில காலையில தகரத்துக்கு உள்பக்கம் வேர்த்துச் சொட்டும். இதையெல்லாம் தடுக்கத்தான் தகரத்துக்கும் நமக்கும் நடுவுல ஒரு துணி, துணிக்கு மேலே கொஞ்சம் காத்து.

இன்னொரு வேடிக்கை. ஆரம்பகால கார்கள்ல மூடின பாடியா இருந்தாலும் கூரையோட நடுப்பகுதி தகரமே கிடையாது. அவ்வளவு பெரிய தகட்டை ஒரே அழுத்துல வளைக்கிற பிரஸ் அப்ப இல்ல. அதனால மரச்சட்டத்து மேல மெழுகுத்துணி மாதிரி ஒண்ணை இழுத்துக் கட்டினாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்கள்லதான் ஒரே தகட்டுல கூரை கொண்டுவந்து பெருசா விளம்பரம் பண்ணினாங்க. அதாவது காருக்குத் துணிக்கூரைதான் மூத்தது, தகரம் அப்புறம் வந்தது.

அம்பாசிடர் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். இங்கிலாந்துல மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸா 1956-ல பிறந்து, அங்க 1959-லயே நிறுத்திட்டாங்க. அதே பாடியை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்காளத்துல உத்தர்பாராவுக்குக் கொண்டுவந்து, 1957-ல இருந்து 2014 மே வரைக்கும் போட்டுகிட்டே இருந்தாங்க. பெத்த ஊர்ல மூணு வருஷம், தத்தெடுத்த ஊர்ல அம்பத்தேழு வருஷம். 2017-ல அந்தப் பேரையே 80 கோடிக்கு பிரெஞ்சு கம்பெனி பெஜோவுக்கு வித்துட்டாங்க. மார்க் நம்பரும் கிரில்லும் மாறிச்சே தவிர, கூரையோட வளைவு கிட்டத்தட்ட அதேதான்.

அந்தக் காலத்துக் காருக்கும் இப்பத்திய காருக்கும் லைனிங்ல அடிப்படையே வேற. இப்ப வர்ற கார்ல கெட்டியான அட்டை மாதிரி ஒரு அச்சு, அதுமேல ஃபோம், அதுமேல துணி. எல்லாம் ஒட்டினது. பத்துப் பதினஞ்சு வருஷத்துல சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஃபோம் பொடிஞ்சு மாவா ஆயிடும், துணி தொங்கிடும். புதுசா பசை அடிச்சாலும் நிக்காது, ஏன்னா பசை பிடிக்கிறது மாவைத்தான். நிறையப் பேர் குண்டூசி குத்தி வச்சுக்கிட்டு ஓட்டுறாங்க. பழைய வண்டியில ஒட்டு ஓரத்துல மட்டும்தான். நடுவுல துணி தொங்குது. துணியோட மேல்பக்கத்துல குறுக்கால வரிசையா நாடா மாதிரி குழாய் தச்சிருப்பாங்க, பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி. அதுக்குள்ள வில்லா வளைஞ்ச இரும்புக்கம்பி போகும். கம்பியோட ரெண்டு முனையும் கூரையோட ரெண்டு பக்கத்து ஓட்டையில உட்காரும். துணியை முன்னும் பின்னும் பக்கவாட்டுலயும் இழுத்து ஓரத்துல ஒட்டினதும் மத்தளத் தோல் மாதிரி விறைச்சு நிக்கும்.

இப்ப இந்த வேலை தெரிஞ்ச ஆளைத் தேடணும். சீட் கவர் கடைக்காரங்க எல்லாம் "ரெடிமேடா வர்றதுன்னா மாட்டித் தர்றோம் தம்பி"ன்னு அனுப்பிட்டாங்க. கடைசியில பெரியப்பாவே ஒரு பாயைச் சொன்னார். சின்ன வயசுல பெங்களூர் ஜே.சி. ரோட்டுல குஷன் வேலை கத்துக்கிட்டு ஊருக்கு வந்தவர். அறுபது தாண்டிட்டார். கூட இருந்த பையன் திருப்பூருக்குப் போயிட்டான், ஊசியில நூல் கோக்கக்கூட ஆள் இல்ல. "தம்பி லீவுல இருந்தா கூட நிக்கச் சொல்லுண்ணே. நான் செய்றேன்"னு பெரியப்பாகிட்ட சொன்னார். செமஸ்டர் லீவு. நின்னேன்.

முதல் நாள் முழுக்கக் கழட்டுற வேலைதான். சன் வைசர், உள்கண்ணாடி, கூரை லைட்டு, கதவோரத்து பீடிங், அப்புறம் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் ரப்பரோட வெளியே வரணும். துணியோட ஓரம் அந்த ரப்பருக்கு அடியிலதான் மடிஞ்சு ஒட்டியிருக்கு. கண்ணாடியைக் கழட்டாம செய்றேன்னு சொல்ற ஆள்கிட்ட வண்டியை விடாதீங்க, ஆறே மாசத்துல ஓரம் பிரியும். கம்பியை ஒவ்வொண்ணா உருவும்போது பாய் அதுல சாக்பீஸால நம்பர் போட்டார், எந்தப் பக்கம் முன்னாடின்னு அம்புக்குறியும் போட்டார். எல்லாக் கம்பியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு. தரையில வரிசையா வச்சுப் பார்த்தாதான் ஒவ்வொண்ணுக்கும் வளைவு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். மாறிப்போச்சுன்னா எங்கேயாவது குழி விழும், எங்கேயாவது தகரத்துல இடிக்கும்.

துணி மொத்தமா கீழே வந்ததும் பாய் அதை ஒர்க்‌ஷாப் தரையில விரிச்சுப் போட்டுட்டு குனிஞ்சு பார்த்தார். ஜோசியர் கையைப் பார்க்கிற மாதிரி. டிரைவர் சீட்டுக்கு மேலே கறுப்பா ஒரு வட்டம். "இது யாருன்னு சொல்ல வேண்டாம். அண்ணன் தலையில வச்ச தேங்காயெண்ணெய். அதான் இங்க முதல்ல மக்கிக் கிழிஞ்சிருக்கு" என்றார். பெரியப்பா ஆறடி. பக்கத்துல பீடி நெருப்புப் பொட்டு ரெண்டு. பின்சீட்டு நடுவுல குடை குத்தின ஓட்டை. ஒரு மூலையில பழுப்பா வரைபடம் மாதிரி கறை, பின்கண்ணாடி ரப்பர் வழியா மழைத்தண்ணி இறங்கினது. அப்புறம் பின்பக்க இடதுகதவுக்கு மேலே பக்கத்துல பக்கத்துல நாலு சின்னக் கீறல். பாய்க்கு அது மட்டும் புரியல. "பூனை ஏறிச்சாண்ணே?"

பெரியப்பா டீ கிளாஸோட டயர் மேல உட்கார்ந்திருந்தார். "பூனை இல்ல பாய். பென்னாகரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரு. பிரசவ வலி. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து எழுப்பினாங்க. இண்டூர் தாண்டும்போது அந்தப் பொண்ணு கையைத் தூக்கி மேலே பிடிச்சுது. துணிதான் கையில கெடச்சுது."

"கொழந்த?"

"பெரியாஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டேன். மறுநாள் அவ புருஷன் வந்து வாடகை குடுத்துட்டுப் போனான். அவன் மூஞ்சியைப் பார்த்துட்டு நான் ஒண்ணும் கேக்கல."

நான் அந்த வண்டியில பிறந்ததுல இருந்து போயிட்டு வர்றேன். அந்த இடதுபக்க சீட்டுதான் எனக்கு எப்பவும். அந்தக் கீறல்ல விரலை விட்டு நோண்டிகிட்டே ஒகேனக்கல் வரைக்கும் போயிருக்கேன். இத்தனை வருஷத்துல பெரியப்பா இதைச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

பாய் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் பிளேடை எடுத்து தையலைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டார். பழைய துணியை ஒவ்வொரு துண்டாப் பிரிச்சாதான் அது அளவுத் துணி ஆகும். அதைப் புதுத்துணி மேலே விரிச்சு, சாக்பீஸால சுத்தி வரைஞ்சு, தையலுக்கு அரை இஞ்ச், ஓரத்துல பிடிச்சு இழுக்க மூணு இஞ்ச் கூடுதலா விட்டு வெட்டணும்.

எந்தத் துணின்னு ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. ஓட்டை போட்ட ரெக்ஸின் போடலாம், துடைச்சா அழுக்கு போயிடும், விலையும் கம்மின்னு பாய் சொன்னார். டாக்சிக்கு அது சரி. ஆனா வெயில்ல நிறுத்தின வண்டியில ரெக்ஸின் வாசனை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். இன்னொரு கடையில கறுப்பு வெல்வெட், அதுல நட்சத்திரம் மாதிரி எல்.இ.டி. லைட்டுன்னு ஆல்பத்தைக் காட்டினாங்க. கல்யாண மண்டபம் தோத்துது போங்க. பெரியப்பா, "முன்னே இருந்தது மாதிரியே துணி"ன்னுட்டார். வெளிர் சாம்பல் நிறத்துல கொஞ்சம் இழுவை உள்ள துணியா பார்த்து எடுத்தோம். இழுவை இல்லாத துணி அந்த வளைவுல சுருக்கமில்லாம உட்காரவே உட்காராது.

டாக்சிக் கூரைன்னதும் மும்பை ஞாபகம் வருது. அங்க பிரீமியர் பத்மினி டாக்சிகள்ல கூரைக்குப் பூப்போட்ட துணி ஒட்டுறது டிரைவர்களோட ஆசை. 2015-ல சில இளம் டிசைனர்கள் சேர்ந்து 'டாக்சி ஃபேப்ரிக்'னு ஆரம்பிச்சு, சீட்டு, கூரை, கதவு முழுக்க படம் வரைஞ்ச துணியால மூடிக் காட்டினாங்க. அந்த பத்மினிகளும் 2023 அக்டோபர் 30-ல இருந்து டாக்சியா ஓடுறதில்லை, இருபது வருஷக் கெடு முடிஞ்சுபோச்சு.

துணி தைக்கிறதுக்கு முன்னாடி தகரம். உள்பக்கம் துரு, ஒரு மூலையில குளவிக்கூடு, பொடிஞ்சு போன பழைய கம்பளி. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, காய்ஞ்சதும் புதுசா ஃபெல்ட் ஒட்டினோம். இதெல்லாம் யாரும் பார்க்கப்போறதில்லை. ஆனா பாய் இதுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கிட்டார். துருவை விட்டுட்டு துணியைப் போட்டா ரெண்டு மழையில செம்மண் கலர்ல கறை கீழே வந்துடுமாம்.

மூணாம் நாள்தான் மாட்டுறது. கம்பியை நம்பர் பார்த்துக் கோத்து, நடுவுல போட்ட சாக்பீஸ் கோடு கூரையோட நடுக்கோட்டுல வர்ற மாதிரி, பின்னாலிருந்து ஒவ்வொரு கம்பியா ஓட்டையில உட்கார வச்சோம். முதல்ல பின்பக்கம் நடுவுல பிடிப்பு, அப்புறம் முன்பக்கம் நடுவுல இழுத்துப் பிடிப்பு. அப்புறம்தான் பக்கவாட்டு. ஒரு பக்கமா இழுத்துகிட்டே போகக்கூடாது. இந்தப் பக்கம் ஒரு பிடி, எதிர்ப்பக்கம் ஒரு பிடி. கட்டில் நாடா பின்னினவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். பிடிக்கிறதுக்கு பெரிம்மாவோட துணிக் கிளிப் நாலு டஜன். எல்லாம் சரியா வந்த பிறகுதான் பசை, அதுவரைக்கும் டப்பாவைத் திறக்கவே விடல.

பசைன்னா ஃபெவிகால் எஸ்.ஆர். 998. பாய் பாஷையில சுலோச்சன். துணியிலயும் தகரத்துலயும் ரெண்டு பக்கமும் தடவி, விரல்ல தொட்டா ஒட்டாம லேசா பிசுக்குன்னு இருக்கிற பதம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் ஒரே அமுக்கு. வெயில்காலத்துல அஞ்சு நிமிஷத்துல வர்ற பதம், மார்கழிக் காலையில இருபது நிமிஷம் ஆச்சு. அந்த இருபது நிமிஷமும் பாய் பேசவே இல்ல. கழுத்தை அண்ணாந்துகிட்டு ரெண்டு கையையும் தூக்கிகிட்டு வேலை செய்யணும், பசை நாத்தம் வேற. கதவெல்லாம் திறந்து வச்சுதான் செய்யணும், சொல்லிட்டேன். சாயந்திரம் எனக்குத் தோள்பட்டை கழண்டு விழுந்துடும் போல இருந்துச்சு. அவர் நாப்பது வருஷமா இப்படித்தான் நிமிர்ந்துகிட்டு நிக்கிறார்.

மூலையில மிச்சமிருந்த சுருக்கத்துக்கு தங்கச்சியோட ஹேர் டிரையர். சூடு காட்டி, உள்ளங்கையால தடவி ஓரத்துக்குத் தள்ளினா போயிடுது. கடைசியா லைட்டுக்கு வெட்டணும். எல்லாம் விறைச்சு நின்ன பிறகு, விரலால தடவி ஒயர் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, சின்னதா பெருக்கல் குறி மாதிரி ஒரு வெட்டு. இதை முதல்லயே வெட்டினா துணியை இழுக்கும்போது ஓட்டை எங்கேயோ போய் நிக்கும்.

கணக்கு: துணி ஆறு மீட்டர் 1,560. ஃபெல்ட் 720. சுலோச்சன் 420. பீடிங், நூல் 650. ரெட் ஆக்சைடு, உப்புத்தாள் 280. கூலி 3,000. மொத்தம் 6,630. மூணு நாளைக்கு மூவாயிரம் எந்த ஊர்ல நியாயம்னு எனக்குத் தெரியல. கூடக் குடுத்தா பாய் வாங்கிக்கல, பெரியப்பாகிட்ட பழைய பழக்கமாம்.

இன்னொரு கணக்கும் போட்டேன், சும்மா. டாக்சிக்கு இன்னைக்கு வருமான வரி ரூல்ல 30 சதவீதம் தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறையில. தொண்ணூறாயிரத்துல இருந்து 32 தடவை கழிச்சுகிட்டே வந்தா பெரியப்பா வண்டியோட புத்தக மதிப்பு 99 பைசா. 99 பைசா சொத்துக்கு 6,630 ரூபா செலவு. பழைய நிலைக்குக் கொண்டுவர்ற செலவு வருவாயின செலவு, சொத்துக்கணக்குல ஏத்தக்கூடாதுன்னு பதினொண்ணாம் வகுப்புலயே படிச்சாச்சு. அதனால 99 பைசா 99 பைசாவாவே இருக்கும் :-)

அடுத்த ஞாயித்துக்கிழமை பெங்களூர்க்காரர் வந்தார். உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். "சூப்பர்ங்க"ன்னுட்டு, சொன்னபடி ஒரு லட்சம், அட்வான்ஸ் பத்தாயிரம் இப்பவேன்னு கவரை எடுத்தார். நல்ல மனுஷன், பேரம் பேசல. பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வண்டியை யாருங்க ஓட்டுவாங்க?"

"ஓட்டுறதுக்கு இல்லைங்க. ரெஸ்டாரண்ட் ஒண்ணு ஆரம்பிக்கிறோம். வாசல்ல நிறுத்தப்போறோம். உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்குவாங்க."

"எஞ்சின்?"

"அது தேவைப்படாதுங்க."

பெரியப்பா கவரை வாங்கல. யோசிச்சு சொல்றேன்னார். எனக்கு என் எட்டாயிரம் லாபம் கண்ணு முன்னாடி நடந்து போறது தெரிஞ்சுது. அண்ணன் போன்ல கத்தினான். பெரிம்மா ரெண்டு பேருக்கும் பதில் சொல்லாம சோறு போட்டாங்க. பத்து நாள் கழிச்சு பெரியப்பா பாங்க்ல இருந்து பணம் எடுத்துகிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனார். பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக் பார்த்தார், லைட் பார்த்தார், சேஸிஸ் நம்பரைப் பார்த்தார். கூரையைப் பார்க்கல. இன்னும் அஞ்சு வருஷம்.

பழைய துணியை பாய் கிரீஸ் துடைக்க வச்சுக்கிட்டார். புதுத்துணியில மிச்சம் இருந்த துண்டைச் சுருட்டி டிக்கியில போட்டுக் குடுத்தார்.

பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோட வந்தான். வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. காணும் பொங்கல் அன்னைக்கு "சாவியைக் குடுப்பா"ன்னான். எல்லாரையும் ஏத்திகிட்டு ஒகேனக்கல் போயிட்டு வந்தோம். அண்ணன் பையனுக்கு மூணு வயசு, திரும்பி வரும்போது பின்சீட்டுல நின்னுகிட்டேதான் வந்தான். வீட்டுக்கு வந்து பார்த்தா இடதுகதவுக்கு மேலே, மீன் வறுவல் எண்ணெயில அஞ்சு விரலும் தெளிவா.

பாய்க்குப் போன் பண்ணிக் கேட்டேன். முதல்ல முகப் பவுடரை அப்பி ஒரு ராத்திரி விடணுமாம், எண்ணெயை இழுத்துக்கும். அப்புறம் ஷாம்பு தண்ணியில துணியை முக்கி, நல்லாப் பிழிஞ்சுட்டு ஒத்தி ஒத்தி எடுக்கணுமாம். தண்ணி அதிகமானா வளையமா கறை நின்னுடும். பவுடர் டப்பாவை வண்டியிலேயே வச்சிருக்கேன். இன்னும் அப்பல.